கையை மட்டும் பார்த்தால் போதாது

மாமி வலது கையைத்தான் நீட்டினார். உள்ளங்கை தடித்திருந்தது, ரேகைகளில் வெள்ளையாகச் செதில் படிந்திருந்தது. "இறால் உரிச்சு உரிச்சுக் காய்ச்சுப்போன கை, மகன்" என்றார். மற்றக் கையையும் காட்டச் சொன்னேன். பிறகு செருப்பைக் கழற்றி இரண்டு காலையும், பிறகு நகங்களை, முழங்கையை. "கையில வருத்தம் எண்டா காலை என்னத்துக்கு மகன் பாக்கிறாய்?" என்று கேட்டார். பிளேன்டி ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி, கேத்தலை இன்னொரு தரம் அடுப்பில் வைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அது மாமி ஒருவருக்கு மட்டும் உரியது இல்லை.

56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கையை நம்பிப் பிழைக்கிற சனம்தான் அதிகம். எழுவான்கரையில் வலை, இறால், நெசவு, மேசன் வேலை. படுவான்கரையில் வயலும் மாடும். இங்கே கை தடிப்பதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. உழைக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். வெடித்து இரத்தம் கசிந்தால் மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்குகிறார்கள். குறைந்ததும் மறந்துவிடுகிறார்கள்; திரும்ப வந்தால் அதே டியூப். வருஷக்கணக்காக இப்படியே ஓட்டியவர்கள் உண்டு.

நான் மருந்து எழுதித் தருகிறவன் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும், எங்கே போய்க் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லத் தெரிந்தவன். முதலில் மாமிக்குச் சொன்னது இதுதான்: உள்ளங்கைத் தோலுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று, தடிப்பது. வலைக் கயிறு உராய்ந்தாலும் தடிக்கும், சவர்க்காரம் அரித்தாலும் தடிக்கும், பூஞ்சை புகுந்தாலும் தடிக்கும், உடம்பின் நோயெதிர்ப்பு தன் தோலையே தாக்கினாலும் தடிக்கும். ஆகவே தடிப்பை மட்டும் பார்த்து வருத்தத்தின் பெயரைச் சொல்ல முடியாது. பெயரைச் சொல்லும் அடையாளம் பல நேரம் வேறிடத்தில் கிடக்கும்: மற்றக் கையில், கால்விரல் இடுக்கில், நகத்தில், முழங்கையில், பக்கத்தில் படுத்துறங்கும் பேரப்பிள்ளையின் உடம்பில்.

உள்ளங்கை ஏன் இப்படி என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய் தரும் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை அறவே இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. தோலின் மேற்படை கிடுகு வேய்ந்த கூரை மாதிரி. தட்டையான, உயிரற்ற கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, அவற்றை இறுக்கிப் பிடித்து நீர் புகாமல் காப்பது இடையிலுள்ள கொழுப்பு. சவர்க்காரம் அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோகிறது. அப்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் இறால் சாறும் சலவைத்தூளும் உள்ளே வரும். அடியில் பிறக்கும் ஒரு கலம் மேலே வந்து உதிர வழக்கமாக ஏறக்குறைய 4 வாரம் எடுக்கும். தோல் எரிச்சலுற்றால் அவ்வளவு பொறுப்பதில்லை. அவசர அவசரமாகக் கலங்களை மேலே தள்ளும். முதிராத அந்தக் கலங்கள் தனித்தனியே உதிராமல் ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் பெயரும். கண்ணுக்குத் தெரியும் செதில் அதுதான்.

இதில் காய்ப்பைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். மண்வெட்டிப் பிடி, துடுப்பு, வலைக் கயிறு அழுத்துகிற இடத்தில் மட்டும் தோல் கெட்டியாவது காய்ப்பு. அது கடிக்காது, சிவக்காது, பரவாது. வேலையை நிறுத்திச் சில மாதம் போனால் தானே மெலியும். கை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழி அது; மருந்து தேவையில்லை. ஆனால் தடிப்பு அழுத்தம் படாத இடத்துக்கும் பரவினாலோ, கடித்தாலோ, வெடித்தாலோ, அதைக் காய்ப்பு என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் பகுதியில் அதிகம் காண்பது ஈரத்தில் வேலை செய்கிறவர்களின் கைக்கரப்பான். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை தண்ணீரில் கிடந்தால், அல்லது 20 தடவைக்கு மேல் கழுவப்பட்டால், அதைத் தோலுக்கு ஆபத்தான ஈர வேலை என்று தொழில்சார் மருத்துவத்தில் கணக்கெடுக்கிறார்கள். இறால் உரிக்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் தோணி வந்ததிலிருந்து கை ஐஸ் தண்ணீரில்தான். வீட்டுக்கு வந்தால் சட்டி பானை, பிள்ளைகளின் உடுப்பு, சலவைத்தூள். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்ற எல்லையை அவர் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே தாண்டிவிடுகிறார். மீன் வாடை போகத் தேசிக்காய்ப் பாதியால் கையைத் தேய்ப்பதும் உண்டு. வெடித்த தோலில் அந்தப் புளி எரிக்கும் என்பது ஒருபுறம். தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்துக் கறுக்கவும் செய்யும்.

இறாலில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1976இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு தோல் மருத்துவர்கள், சமையற்கூடங்களில் வேலை செய்தவர்களின் கையில் ஒரு தனி வகைக் கரப்பானைக் கண்டு எழுதினார்கள். மீன், இறால், இறைச்சி, மரக்கறியிலுள்ள புரதமே சிலருக்கு ஒவ்வாமையாகிறது. சாதாரணக் கரப்பான் மெதுவாக வரும். இது இறாலைத் தொட்ட சில நிமிடங்களிலேயே கடியும் சிவப்பும் தடிப்புமாக எழும்பும். அது அடங்கி அடங்கித் திரும்ப வர, நாளடைவில் கை நிரந்தரமாகத் தடித்துவிடும். "தொட்ட உடனே கடிக்குதா, இரவில கடிக்குதா?" என்று மாமியிடம் கேட்டது இதற்காகத்தான். தொட்ட உடனே கடிக்கிறவர்கள் இறால் சாப்பிடும்போது உதடு வீங்குகிறதா, மூச்சு முட்டுகிறதா என்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அது கையோடு நிற்கிற விஷயம் இல்லை.

ஆண்களின் கைக்குச் சீமெந்து. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நாவலடி, கல்லடி, திருச்செந்தூர்ப் பக்கமெல்லாம் வீடுகளை வாரிக்கொண்டு போனபின், இந்தக் கரையில் கட்டட வேலை பெருகியது. போர் முடிந்த பிறகு இன்னும் பெருகியது. கடலுக்குப் போன இளைஞர்கள் பலர் கரண்டி பிடித்தார்கள். ஈரச் சீமெந்து கடுங்காரம்; தோலைச் சுடும். அதைவிடப் பொல்லாதது அதிலுள்ள குரோமியம். அறுவலுவுள்ள குரோமியம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அந்த வகை. தண்ணீரில் கரைந்து தோலுக்குள் புகுந்து ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். பிறகு சீமெந்தைத் தொடாவிட்டாலும், குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் செருப்பு காலில் கரப்பானைக் கொண்டுவரலாம். இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. சீமெந்தில் கொஞ்சம் இரும்புச் சல்பேற்றுக் கலந்தால் இந்தக் குரோமியம் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க் 1980களிலேயே இதைச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலிருந்து கரையும் குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமாக்கியது. ஒரு மூடையில் சேர்க்கிற மலிவான உப்பு ஒரு மேசனின் கையைக் காப்பாற்றும் என்றால், அதை எந்த நாட்டு மேசனுக்கும் மறுப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறி வேலைக்கு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள், வயலில் மருந்து அடிக்கிறவர்கள், சலூனில் தலைக்கு மை பூசுகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான், பொருள் மட்டும் வேறு. றப்பர் கையுறையே சிலருக்கு ஒவ்வாது. றப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனம் அதற்குக் காரணம். கையுறை போட்டபின் புறங்கையும் மணிக்கட்டும் கூடுதலாகக் கடித்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி மாமியின் கைக்கு வருகிறேன். அவருக்கு வலது கை மட்டும்தான். இடது கை சுத்தம். ஈர வேலைக் கரப்பான் வழக்கமாக இரண்டு கையிலும் வரும், கூடக்குறைய இருந்தாலும். ஒரு கை மட்டும் காய்ந்து, செதில் முக்கியமாக ரேகைகளுக்குள் தூளாகப் படிந்திருந்தால் காலைப் பார்க்க வேண்டும். மாமியின் இரண்டு பாதத்திலும் அதே வெள்ளைச் செதில், கால்விரல் இடுக்கில் ஊறிய வெண்மை, பெருவிரல் நகம் மஞ்சளித்துத் தடித்துப் போயிருந்தது. இரண்டு கால், ஒரு கை. பூஞ்சை பிடித்த கைக்கு உலகம் முழுவதும் தோல் டொக்டர்கள் தேடும் அடையாளம் இது. காலில் பல வருஷம் இருந்த படை, அந்தக் காலைச் சொறிகிற கைக்கு, நகத்தை வெட்டுகிற கைக்கு ஏறுகிறது. ஏன் ஒரு கையோடு நிற்கிறது என்பதற்கு அந்தப் பழக்கமே பாதி விளக்கம். வயல் சேற்றிலும் வாவித் தண்ணீரிலும் நாள் முழுக்க நிற்கிற கால்களில் இந்தப் பூஞ்சைக்கு வசதி அதிகம். சேற்றுப்புண் என்று சொல்லி நாங்கள் கவனியாமல் விடுவதில் ஒரு பங்கு இதுதான்.

மாமி பூசிக்கொண்டிருந்த டியூபை வாங்கிப் பார்த்தேன். ஒரே டியூபில் மூன்று மருந்து: கிருமிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, கடியை அடக்க வலுவான ஸ்டீரொயிட் ஒன்று. பூஞ்சை பிடித்த தோலில் ஸ்டீரொயிட் பூசினால் இரண்டு நாளில் கடி அடங்கும், சிவப்பு மறையும். குணமாகிறது என்று நம்பிவிடுவோம். உண்மையில் அடங்கியது தோலின் எதிர்ப்பு. பூஞ்சை இடையூறில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக, அடையாளம் தெரியாத உருவத்தில் எழும்பும். பார்க்கிற டொக்டருக்கே குழப்பம் வரும். இந்தக் கலப்பு டியூபுகள் இந்தியாவில் எவ்வளவு கேடு செய்தன என்றால், 2018இல் அங்கே 14 வகை ஸ்டீரொயிட் பூச்சுகளை டொக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. வழக்கமான மாத்திரைக்குப் பல நேரம் மசியாத ஒரு பூஞ்சை இப்போது தென்னாசியாவிலிருந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு இந்தியாவின் பெயரைச் சேர்த்தே ட்ரைக்கோஃபைட்டன் இந்தோட்டினி என்று பெயர் வைத்தார்கள். கண்டபடி பூசிய ஸ்டீரொயிட் அதன் பரவலுக்குத் துணைபோனது என்பதே தோல் மருத்துவர்களின் கருத்து.

பூஞ்சையா இல்லையா என்று ஊகிக்கத் தேவையில்லை. செதிலைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு கண்ணாடித் தகட்டில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இழை இழையாகத் தெரியும். வலிக்காத, செலவு குறைந்த சோதனை.

"அப்ப ரெண்டு கையிலயும் இருந்தா கரப்பான், ஒரு கையில இருந்தா பூஞ்சையா?" என்று மாமி கேட்டார். அவ்வளவு நேராக வெட்டிப் பிரிக்க முடியாது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விளிம்பு தெளிவாகத் தெரியும் தடித்த சிவந்த படை, அதன்மேல் வெள்ளிநிறச் செதில் என்றால் சொரியாசிஸையும் நினைக்க வேண்டும். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பது இதைத்தான். இங்கும் பதில் கையில் இல்லை. முழங்கை முட்டியில், முழங்காலில், காதுக்குப் பின்னால் முடியோரத்தில், தொப்புளில் செதில் இருக்கிறதா? நகத்தில் ஊசியால் குத்தினாற்போல் சிறு குழிகள் இருக்கின்றனவா? காலையில் எழும்பும்போது விரல் மூட்டுகள் விறைத்து வீங்கியிருக்கின்றனவா? கடைசிக் கேள்வி முக்கியம். சொரியாசிஸ் சிலருக்கு மூட்டையும் அரிக்கும்; அதைப் பிந்திக் கண்டுபிடித்தால் விரல் கோணிவிடும்.

சொரியாசிஸில் 4 வாரம் எடுக்க வேண்டிய கலங்கள் சில நாளிலேயே மேலே வந்து குவிகின்றன. தோல் காயப்பட்ட இடத்தில் அது புதிதாக முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். வலை இழுக்கிறவரின் கையிலும் கோடரி பிடிக்கிறவரின் கையிலும் அது தணியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். தடித்த செதிலை பிளேட்டால் சீவுகிறவர்கள் தங்களை அறியாமல் அதற்கு உரம் போடுகிறார்கள். அது தொற்றாது. ஒரே கோப்பையில் குடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். 2014இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானமே எடுத்து இதை எல்லா நாடுகளுக்கும் சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் நூற்றாண்டுகளாகச் சொரியாசிஸ்காரர்களைத் தொழுநோயாளர் என்று ஒதுக்கிவைத்த வரலாறு உண்டு. வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இரண்டும் வேறு வேறு என்று திட்டவட்டமாகப் பிரித்தார்.

தொழுநோய் என்ற சொல்லை எடுத்ததும் மாமி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் வாவிக்குள்ளேயே இருக்கிறது: மாந்தீவு. வெள்ளைக்காரன் காலத்தில், 1920களில், அந்தத் தீவில் தொழுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முன்னரே 1901இல் தொழுநோயாளரைப் பிரித்து அடைக்கச் சட்டம் வந்துவிட்டது. நாட்டின் மேற்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இலேயே ஒரு தொழுநோய் மருத்துவமனை கட்டியிருந்தார்கள். தீவுக்குத் தோணியில் போனவர் பலர் திரும்பவில்லை. வீடு, கல்யாணம், கோயில் எல்லாம் கரையில் நின்றுவிட்டன. அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக இறங்கி, இன்றும் கையில் ஒரு தழும்பு வந்தால் மறைக்கச் சொல்கிறது.

அந்தக் காலத்தில் மருந்து இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. மூன்று மருந்து சேர்ந்த கூட்டுச் சிகிச்சை இலங்கையில் 1983இல் தொடங்கியது. 6 மாதம் அல்லது 12 மாதம் குளிசை, முழுவதும் இலவசம், வீட்டிலிருந்தே எடுக்கலாம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோய் பிறருக்குத் தொற்றாத நிலைக்கு வந்துவிடும். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையாகவே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. 1995இல் இந்த நாடு, 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டியது. ஆனாலும் புதிய நோயாளர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், நாட்டில் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் எங்கள் மட்டக்களப்பும் ஒன்று. அதனால் பயப்படத் தேவையில்லாவிட்டாலும் பாராமுகமாக இருக்க முடியாது.

தொழுநோய் நேரே உள்ளங்கையைத் தடிக்க வைப்பதில்லை. அது நரம்பைத் தாக்குகிறது. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு, இடிபட்டால் சின்னவிரல் வரை சுள்ளென்று ஓடுமே, அது தடித்துப்போகும். அந்த நரம்பு கெட்டால் சின்னவிரல் பக்கக் கை வியர்ப்பதை நிறுத்தும். வியர்வை இல்லாத உள்ளங்கை காய்ந்து, கெட்டியாகி, ஆழமாக வெடிக்கும். பார்வைக்கு அது ஒரு உழைப்பாளியின் கையேதான். பிரித்துக் காட்டுவது உணர்வு. மற்ற வருத்தங்களில் கை கடிக்கும், எரியும், வெடிப்பு நோகும். இந்தக் கை நோகாது. சூடான பிளேன்டிக் கோப்பையை இறுகப் பிடித்திருப்பார், கொப்புளம் எழும்பிய பிறகுதான் தெரியும். ஆகவே தடித்த கை வெடித்திருந்தும் நோகவில்லை என்றால் அது ஆறுதலான செய்தி இல்லை. ஒரு பஞ்சு நுனியால், கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கையிலும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். உடம்பில் எங்காவது வெளிறிய, உணர்ச்சி மழுங்கிய தேமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தோல் கிளினிக்குக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் விரல் மடங்காது, கை கெடாது.

நரம்பு ஏற்கெனவே கெட்டுப்போனவர்களுக்கு நாளாந்தப் பராமரிப்பு ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள்: கையைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கெட்டித் தோலை மெதுவாகத் தேய்த்து எடுத்து, துடைக்காமல் ஈரத்தின்மேலே எண்ணெய் பூசுவது. மருந்துக் கடைக்குப் போகத் தேவையில்லாத வைத்தியம். எந்த வறண்ட கைக்கும் இதில் பாதி உதவும்.

மாமி இவ்வளவையும் கேட்டு, மகளின் கதையைச் சொன்னார்: அவளுடைய சின்னவனுக்குப் பிறந்த சில மாதத்திலேயே உள்ளங்கை தடித்திருந்ததாம். பிள்ளைக்குப் பிறவியிலிருந்தே, அல்லது சின்ன வயதிலிருந்தே இருந்தால் அது பரம்பரைத் தடிப்பாக இருக்கலாம். பல வகை உண்டு, அநேகமானவை ஆபத்தில்லாதவை. இரண்டை மட்டும் கவனியுங்கள். பால்பல் வந்த கையோடு ஈறு வீங்கிப் பல் ஆடி விழுந்தால் அது 1924இல் பாப்பியோன், லெஃபெவர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோயாக இருக்கலாம். பல் வைத்தியரும் சேர்ந்து பார்க்க வேண்டும். தடித்த கையோடு பிறந்ததிலிருந்தே சுருண்டு கம்பளியாகும் முடி இருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில் 1980களில் கண்ட இந்த நோயில் இதயத் தசை கெட்டுத் திடீர் மரணம் நேர்ந்திருக்கிறது. இவை தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணு ஒன்று சேரும்போது வெளிப்படுபவை. மச்சான் மச்சாள் கலியாணத்தை விரும்பும் எங்கள் குடும்பங்களில் அதற்குக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். குற்றம் சொல்ல இதில் யாரும் இல்லை.

வயதானவர், படுக்கையில் கிடப்பவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் கையில் விரலிடுக்கெல்லாம் அடைபட்ட தடித்த பொருக்குக் கண்டால் அது சொறிச் சிரங்கின் கடும் வடிவமாக இருக்கலாம். சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுவதும் பத்துப் பதினைந்து பூச்சிதான்; இதில் இலட்சக்கணக்கில். பலருக்குக் கடியே இராது, அதனால் யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் பராமரிக்கிறவர்களுக்கெல்லாம் இரவில் கடிக்கும். வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், ஒருவர் விட்டுப்போனாலும் திரும்ப வரும். குடிக்கிற நீரும் உட்கொள்ளும் மருந்தும்கூடக் கையைத் தடிக்க வைக்கலாம். மேற்கு வங்காளத்திலும் வங்காள தேசத்திலும் குழாய்க் கிணற்று நீரிலுள்ள ஆசனிக்கு உள்ளங்கையில் அரிசி அரிசியாகத் தடிப்பை உண்டாக்கியிருக்கிறது. ஆசனிக்கு கலந்த நாட்டு மருந்தைப் பல காலம் சாப்பிட்டவர்களுக்கும் அது வரும். தாளகம், மனோசிலை சேர்ந்த மருந்தை உட்கொண்டிருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். அந்தத் தடிப்பு நாளடைவில் புற்றாகலாம்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. கை கழுவிய சில நிமிடத்துக்குள், ஈரம் முழுக்கக் காயுமுன், வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ பூசுங்கள். விலையுயர்ந்த கிறீம் தேவையில்லை. அடிக்கடி பூசுவதே முக்கியம். கடும் தடிப்புக்கு யூரியா சேர்ந்த கிறீம் தோலை மென்மையாக்கும். வெடிப்பு இருந்தால் எரியும், அப்போது வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்; அதன் கீழேதான் சவர்க்காரம் தங்கும். இறால் உரிக்கும்போது றப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி உலர விடுங்கள், உள்ளே ஈரமானதைத் திரும்பப் போடாதீர்கள். டெட்டோலில் ஊறவைப்பதும் கொதிநீரில் உப்புப் போட்டு ஊறவைப்பதும் தோலை மேலும் காயவைக்கும். டொக்டர் ஸ்டீரொயிட் தந்தால் பயந்து ஒதுக்காதீர்கள், கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அது நல்ல மருந்து. ஆட்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கும் அளவு, ஏறக்குறைய அரை கிராம், ஒரு கையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் போதும். எத்தனை கிழமை என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பூஞ்சை மருந்து என்றால் கடி நின்ற பிறகும் சொன்ன நாள்வரை பூச வேண்டும். காலுக்கும் சேர்த்துத்தான், இல்லாவிட்டால் கால் திரும்பவும் கைக்குக் கொடுக்கும்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முன் கையில் மருதோன்றி போடாதீர்கள். செதிலின் நிறமும் விளிம்பும் அதன்கீழ் தெரியாது. கறுப்பு மருதோன்றி என்று விற்பதில் தலைக்குப் பூசும் மையின் இரசாயனம் கலந்திருந்தால் அதுவே கொப்புளம் எழுப்பும். சுரண்டிப் பார்க்க இருப்பதால் சில நாள் பூஞ்சை மருந்து பூசாமல் போவது நல்லது. கால் நகத்தையும் வெட்டாமல் விடுங்கள், அதிலிருந்தும் துண்டு எடுப்பார்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் தண்ணீரில், ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் குறைகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்பதை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை பூசிய டியூப், குளிசை, எண்ணெய், கசாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் அழிந்த பழைய டியூபையும் சேர்த்து. டொக்டர் கையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதத் தொடங்கினால், செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டுங்கள்.